நண்பகல் விட்டில்

விட்டில் என்றதும் விளக்கை நினைப்பது நம் மொழி நமக்குத் தந்த பழக்கம். இருளில் திரிந்து, ஒளியில் மயங்கி, சுடரில் மடியும் உயிர் என்றே அதனைச் சொல்லி வந்திருக்கிறோம். ஆனால், உச்சி வெயிலில் மலர்தோறும் சென்று தேனுண்ணும் விட்டிலும் நம் தோட்டங்களில் உண்டு. பல ஆண்டுகளாகப் பார்த்தும் அதன்மீது எனக்குள்ள வியப்புக் குறையவில்லை.

அதன் அறிவியற்பெயர் செபனோடஸ் ஹைலாஸ். 1771ஆம் ஆண்டில் லின்னேயஸ் அதனை விவரித்துப் பெயரிட்டார். இந்தியா, இலங்கை, சீனா, ஜப்பான் முதலிய நாடுகளில் அது வாழ்கிறது. பசுமஞ்சள் உடல், வயிற்றின் நடுவே செம்பழுப்புப் பட்டை, கண்ணாடி போன்ற இறகுகள். உண்ணிச்செடியின் பூவில் அமராமல், அதன்முன் அந்தரத்தில் நின்றபடியே நீண்ட உறிஞ்சுகுழலால் தேன் பருகும். மாணவர் சிலர் அதனைப் பெரிய வண்டு என்பர். சிலர் தேன்சிட்டு என்பர். எவரும் விட்டில் என்று சொல்லிக் கேட்டதில்லை.

வண்ணத்துப்பூச்சிகளும் விட்டில்களும் செதிலிறகிகள் என்னும் ஒரே வரிசையைச் சேர்ந்தவை. இறகின்மீது ஓடு வேய்ந்தாற்போல் படிந்துள்ள நுண்செதில்களே அப்பெயருக்குக் காரணம். கூட்டிலிருந்து வெளிவரும்போது இவ்விட்டிலின் இறகுகளிலும் சாம்பல்நிறச் செதில்கள் இருக்கும். முதன்முறை பறக்கும்போதே அவை உதிர்ந்துவிடும். குலத்தின் அடையாளத்தை உதறிவிட்டு, கொட்டும் வண்டின் தோற்றத்தை அது பெறுகிறது. அத்தோற்றம் பறவைகளிடமிருந்து அதனைக் காக்கும் என்பர் அறிஞர்.

இவ்வழகின் முற்பருவம் ஒரு பச்சைப்புழு. வால்பகுதியில் சிறு கொம்பு கொண்ட அப்புழு காபி, கார்டீனியா ஆகிய செடிகளின் இலைகளைத் தின்று வளரும்; பின்னர் மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். காபியை நம்பி வாழும் உழவரின் கவலை வேறு. வீட்டு முற்றத்தில் அழகுக்காகக் கார்டீனியா வளர்க்கும் நாமும் கடிபட்ட இலையைக் கண்டவுடன் பூச்சிக்கொல்லியைத் தேடுகிறோம். பூவின்முன் நிற்கும் உயிரை விரும்பும் நாம், இலையில் ஊரும் அதே உயிரை அழிக்கிறோம். இரண்டும் ஒன்றென அறியாமையே இதற்குக் காரணம். இலையிழந்த செடி மீண்டும் துளிர்க்கும். நஞ்சுண்ட புழுவுக்கு இறகு முளைப்பதில்லை.

செடியில் சில இலைகள் குறைந்திருந்தால் குறைந்திருக்கட்டும். அவையே சில வாரங்களில் இறகு பெற்று வெயிலில் பறக்கும்.