வைப்புத்தொகையைக் கேட்டுப் பெறக் கூச்சம் ஏன்?



பாடநூல், வாசிப்பு, கட்டுரைப் பயிற்சி ஆகியவற்றைப் பற்றியே நான் வழக்கமாக எழுதுவேன். இம்முறை வாடகை வீட்டைப் பற்றி எழுதுகிறேன். இதிலும் ஒரு கட்டுரைப் பயிற்சி இருக்கிறது என்பதைப் படித்து முடிக்கையில் உணர்வீர்கள்.

ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில் நான்கு ஆண்டுகள் குடியிருந்தோம். மாத வாடகை 900 ரிங்கிட். குடியேறும்போது இரண்டு மாத வாடகையை வைப்புத்தொகையாகவும், அரை மாத வாடகையை மின்சாரம், தண்ணீருக்கான வைப்புத்தொகையாகவும் செலுத்தினோம். ஆக மொத்தம் 2,250 ரிங்கிட். நம் நாட்டில் பெரும்பாலோர் பின்பற்றும் வழக்கம் இதுதான். அந்தப் பணம் திரும்பி வரும்போது மகளின் பல்கலைக்கழகப் பதிவுக்கு உதவும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைத்த மூன்றாம் வாரம், முகவரிடமிருந்து ஒரு பட்டியல் வந்தது. சுவருக்குச் சாயம் பூச 850 ரிங்கிட், துப்புரவுக்கு 300, வீட்டைப் பார்வையிட்டதற்கு 150, ஒப்பந்தத்தைப் புதுப்பித்ததற்கான முகவர் கட்டணம் 450, இறுதி மின்கட்டணம் 64. இவை போக எனக்கு வரவேண்டியது 436 ரிங்கிட்டாம்!

முகவரைத் தொலைபேசியில் அழைத்தேன். “டீச்சர், எல்லாருக்கும் இப்படித்தான். வாங்கிக்கொள்ளுங்கள்” என்றார். நானும் “சரி” என்று சொல்லி வைத்துவிட்டேன். பள்ளியில் முப்பது மாணவரை ஒரு பார்வையில் அடக்கும் எனக்கு, என் பணத்தைக் கேட்க நா எழவில்லை. ஆசிரியர் காசுக்கு வாதாடுகிறார் என்று எவரேனும் பேசிவிடுவாரோ என்ற கூச்சம்.

அன்றிரவு அப்பாவின் நினைவு வந்தது. அவர் மார்க்கெட் ஸ்திரீட்டில் ஒரு மளிகைக் கடையில் வேலை செய்தார். அருகிலிருந்த பழைய கடைவீட்டின் மேல்தளத்தில் ஓர் அறையில் குடியிருந்தோம். 1948-க்கு முன் கட்டப்பட்ட அத்தகைய கட்டடங்களுக்கு 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பொருந்தியது. வாடகை குறைவு, ஆனால் உள்ளே நுழைய ‘தேநீர்க் காசு’ கொடுக்க வேண்டும். அப்பா அதை முதன்மைக் குடியிருப்பாளரிடம் கொடுத்தார், பற்றுச்சீட்டு இல்லை. அச்சட்டத்தை நீக்கும் சட்டம் 1997-இல் வந்தது. இடைக்கால ஏற்பாடு 1999 இறுதியோடு முடிந்தது. ஜார்ஜ்டவுனில் எத்தனையோ குடும்பங்கள் அக்காலத்தில் வெளியேறின. நாங்களும் வெளியேறினோம். அப்போது நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்றுகொண்டிருந்தேன். கொடுத்த பணத்தைப் பற்றிக் கேட்டீர்களா என்று அப்பாவிடம் வினவினேன். “எதைக் காட்டிம்மா கேட்பது?” என்றார்.

அப்பாவிடம் காட்டுவதற்கு ஒன்றுமில்லை. என்னிடம் எல்லாம் இருந்தன. முத்திரை வரி செலுத்திய ஒப்பந்தம், வங்கிச் சீட்டுகள், குடியேறிய நாளிலும் வெளியேறிய நாளிலும் எடுத்த படங்கள், கைப்பேசிச் செய்திகள். இத்தனையையும் வைத்துக்கொண்டு நான் “சரி” என்று சொல்லியிருந்தேன்!

ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்தேன். பார்வையிடும் கட்டணம் என்று எதுவும் அதில் இல்லை. புதுப்பிப்புக் கட்டணத்தைக் குடியிருப்பவர் செலுத்த வேண்டும் என்றும் இல்லை. “இயல்பான தேய்மானம் நீங்கலாக” வீட்டை ஒப்படைக்க வேண்டும் என்றே இருந்தது. நான்கு ஆண்டுகளில் சாயம் மங்குவது இயல்பான தேய்மானமே. நாமாகச் சுவரை உடைத்திருந்தால் அது வேறு. 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 75-ஆம் பிரிவும் ஒப்பந்த மீறலுக்கு நியாயமான இழப்பீட்டையே அனுமதிக்கிறது.

பின்னர் முகவரைப் பற்றித் தேடினேன். 1981-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வீட்டு முகவர்கள் அதற்கான வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். அவர்களிடம் பணிபுரியும் பேச்சாளர்களுக்கும் எண்ணுடன் கூடிய அடையாள அட்டை உண்டு. வாரியத்தின் பதிவேட்டில் இவருடைய பெயர் எனக்குக் கிடைக்கவில்லை. நான்கு ஆண்டுகளாக அந்த அட்டையைக் காட்டும்படி நானும் கேட்டதில்லை. அது என் தவறு.

இனிமேல்தான் கட்டுரைப் பயிற்சி. ஆண்டுதோறும் மாணவர்களுக்கு அதிகாரப்பூர்வக் கடிதம் எழுதக் கற்பிக்கிறேன். அனுப்புநர், பெறுநர், தலைப்பு, கருத்துகளுக்கு எண், பணிவான முடிவு. அந்த அமைப்பிலேயே எனக்காக ஒரு கடிதம் எழுதினேன். முகவருக்கு அன்று, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட வீட்டு உரிமையாளருக்கு. வைப்புத்தொகையைத் திருப்பித் தரும் பொறுப்பு அவருடையது அல்லவா?

எழுதும்போது ஓர் இக்கட்டு. குளியலறைத் தொட்டியில் ஒரு விரிசல் இருந்தது. என் மகன் வாளியைப் போட்டதால் ஏற்பட்டது. முகவரின் பட்டியலில் அது இல்லை. எழுதாமல் விட்டிருக்கலாம். ஆயினும் நியாயம் கேட்கும் கடிதத்தில் நம் குறையை மறைக்க மனம் ஒப்பவில்லை. குழாய்க்காரரிடம் விலை கேட்டு 120 ரிங்கிட் என்று நானே சேர்த்தேன். மின்கட்டணம் 64-ஐயும் கழித்தேன். மீதம் 2,066 ரிங்கிட். அதை 14 நாள்களுக்குள் தரும்படியும், தவறினால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறுகோரிக்கைப் பிரிவில் வழக்குப் பதிவேன் என்றும் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். 5,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையைத் தனிநபர் வழக்கறிஞர் இன்றியே அங்குப் பதியலாம். அதற்கான படிவத்தின் எண் 198.

பத்தாம் நாள் உரிமையாளரின் மகன் அழைத்தார். அவருடைய தாயார் தைப்பிங்கில் வசிக்கும் முதியவர். நான் எல்லாக் கழிவுகளுக்கும் இணங்கிவிட்டதாக முகவர் அவரிடம் சொல்லியிருக்கிறார். புதுப்பிப்புக்கென்று அந்த அம்மையாரிடமும் கட்டணம் வாங்கியிருக்கிறார்! தொட்டியைப் பற்றிப் படித்த பிறகுதான் என் கடிதத்தை நம்பியதாக மகன் சொன்னார். மறுவாரம் 2,066 ரிங்கிட் என் கணக்கில் சேர்ந்தது.

உங்களுக்குப் பயன்படும் என்று நான் கருதுவன:

1. முகவரின் பதிவு எண்ணைக் கேளுங்கள். முகவர் கட்டணத்தைப் பொதுவாக அவரை அமர்த்திய உரிமையாளரே தருவார். உங்களிடம் கேட்டால் ஒப்பந்தத்தில் எங்கே உள்ளது என்று வினவுங்கள்.
2. ஒப்பந்தத்திற்கு முத்திரை வரி செலுத்தப்பட்டதா என்று உறுதி செய்யுங்கள். முத்திரையிடாத ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் சான்றாகக் காட்ட இயலாது.
3. குடியேறும் நாளிலும் வெளியேறும் நாளிலும் ஒவ்வோர் அறையையும் படம் எடுங்கள்.
4. எந்தக் கழிவுக்கும் பற்றுச்சீட்டு கேளுங்கள்.
5. தொலைபேசியில் “சரி” என்று சொல்லாதீர்கள். எழுதிக் கேளுங்கள்.

இங்கிலாந்தில் 2007 முதல் வைப்புத்தொகையை அரசு ஏற்ற காப்புத் திட்டத்தில் சேர்க்க வேண்டும்; 2019-இல் வந்த சட்டம் குடியிருப்போரிடம் முகவர்கள் வாங்கி வந்த பெரும்பாலான கட்டணங்களையும் தடை செய்தது. நம் நாட்டிலும் குடியிருப்பு வாடகைக்குத் தனிச்சட்டம் வேண்டுமென்ற பேச்சு பல ஆண்டுகளாக எழுந்துள்ளது. அதுவரை நம் கையிலுள்ள தாள்களே நமக்குக் காப்பு.

சென்ற மாதம் என் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாயார் பள்ளிக்கு வந்தார். துப்புரவுப் பணி செய்பவர். அவருக்கும் இதே போன்ற சிக்கல். தொகை 1,200 ரிங்கிட். “நான் படிக்காதவள் டீச்சர், எனக்கு யார் தருவார்கள்?” என்றார். பள்ளி முடிந்ததும் மூவரும் அமர்ந்தோம். நான் சொல்லச் சொல்ல, மகளே மலாய்மொழியில் கடிதத்தை எழுதினாள், தாயார் கையெழுத்திட்டார். பதில் வரவில்லை. எனவே படிவத்தை நிரப்பி நீதிமன்றத்தில் பதிந்துவிட்டோம். விசாரணைக்காகக் காத்திருக்கிறார்கள்.

பணம் கிடைக்குமா என்பதை நான் அறியேன். ஆனால் எதைக் காட்டிக் கேட்பது என்ற கேள்வி அந்தச் சிறுமிக்கு இனி எழாது. தேதி, தொகை, சான்று மூன்றையும் அவளே வரிசைப்படுத்தி எழுதினாள். அந்த ஆண்டின் மிகச் சிறந்த கடிதம் அதுதான்.