நசுங்கிய தேன் டப்பா

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் புதூர்நாட்டில் தேன் இறுகிவிடும். ஜவ்வாது மலையின் குளிரில் அது சர்க்கரை கட்டி, சாய்த்தாலும் ஒழுகாமல் அடம்பிடிக்கும். அப்போது அம்மா தேன் பானையைச் சுடுநீரில் இறக்கி வைத்து இளக்கி, வெதுவெதுப்பு ஆறுமுன் தகர டப்பாவில் ஊற்றி, மூடியை அழுத்தி மூடுவார். மறுநாள் விடியுமுன் முதல் பேருந்தில் அதைத் திருப்பத்தூர் மண்டிக்குக் கொண்டு செல்வது அப்பாவின் வேலை.

சென்ற மார்கழியில் ஒரு நாள், விடுதியிலிருந்து நான் மண்டி வாசலுக்குச் சென்று அப்பாவுக்காகக் காத்திருந்தேன். அவர் பையிலிருந்து எடுத்த டப்பாவைப் பார்த்துத் திடுக்கிட்டேன். சுற்றிலும் உள்வாங்கி, பிழிந்த துணியைப் போல இருந்தது. "கீழ போட்டு நசுக்கிட்டு வந்திருக்கியே பெரியவரே, உள்ள என்ன கலந்துச்சோ" என்று மண்டிக்காரர் விலையைக் குறைத்தார்.

"மடியில வெச்சிக்கினு வந்தேன் சாமி. பாதி மலை இறங்கறப்ப டப்புன்னு ஒரு சத்தம். பாத்தா இப்படி இருக்குது. யாரும் தொடல" என்றார் அப்பா.

மண்டிக்காரர் சிரித்தார். அது எனக்கு வலிக்கவில்லை. பேருந்து நிலையத்துக்குத் திரும்பும் வழியில் நான் சொன்ன சொல்தான் இன்றும் வலிக்கிறது. "தூங்கியிருப்பீங்கப்பா. கைநழுவி விழுந்திருக்கும். ஒத்துக்கிட்டா என்ன?" என்று கேட்டேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. காலி டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு பேருந்தில் ஏறிவிட்டார்.

அடுத்த வாரம், எங்கள் இயற்பியல் பேராசிரியரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "சூடாக மூடினீர்கள். உள்ளே இருந்த காற்று ஆறியதும் அதன் அழுத்தம் குறைந்திருக்கும். அத்துடன் மலை இறங்கியிருக்கிறீர்கள். நூறு மீட்டர் இறங்கினால் வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு கூடும். மெல்லிய தகரம் அதைத் தாங்குமா என்று கணக்கிட்டுத்தான் பாரேன்" என்றார்.

நண்பர்களே, மெல்லிய ஓடு என்பது விந்தையான பொருள். முட்டை ஓடு, தண்ணீர்த் தொட்டி, ராக்கெட்டின் உடல் எல்லாம் இந்த இனத்தைச் சேர்ந்தவையே. ஒரு தாளை எடுத்து இழுத்துப் பாருங்கள், நீள மறுக்கும். வளைத்துப் பாருங்கள், உடனே சம்மதிக்கும். மெல்லிய ஓட்டின் குணமும் அதுதான். அழுத்தம் ஓர் எல்லையை எட்டும் வரை அசையாமல் நிற்கும். எல்லையைத் தாண்டியதும், பொருள் உடையாமலேயே உருவம் சட்டென்று மடிந்துவிடும். வலிமை போதாமல் நேர்வதன்று இந்த வீழ்ச்சி. சுருங்குவதைவிட மடிவது எளிது என்பதால் நேர்வது.

இதைக் கணிப்பொறியில் கணிக்கும் முறைக்கு 'பைனைட் எலிமெண்ட்' முறை என்று பெயர். அந்தப் பெயரை 1960-இல் சூட்டியவர் அமெரிக்கப் பொறியியல் அறிஞர் ரே கிளப். முழு ஓட்டையும் சிறு சிறு துண்டுகளாகப் பகுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு துண்டும் எவ்வளவு விசைக்கு எவ்வளவு வளையும் என்பதைச் சமன்பாடாக எழுத வேண்டும். அண்டைத் துண்டுகள் விளிம்பில் பிரியாமல் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு, ஆயிரக்கணக்கான சமன்பாடுகளைக் கணிப்பொறி ஒன்றாகத் தீர்க்கும். திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தார் இதற்காக 'ஃபீஸ்ட்' என்ற நிரலைத் தாமே உருவாக்கியிருக்கிறார்கள். எனக்குக் கிடைத்தது, எவரும் இலவசமாகப் பெறக்கூடிய 'கால்குலிக்ஸ்' என்னும் நிரல்.

அதே வகைப் புது டப்பா ஒன்றைக் கடையில் வாங்கினேன். விட்டம் 20 சென்டிமீட்டர், உயரம் 30 சென்டிமீட்டர். ஆய்வகத்துத் திருகு அளவியால் தகரத்தின் தடிமனை அளந்தேன், கால் மில்லிமீட்டர். ஆரம் தடிமனைப்போல் 400 மடங்கு! உள்ளும் புறமும் உள்ள அழுத்த வேறுபாட்டையும் மதிப்பிட்டேன். தேன் ஆறியதால் வளிமண்டல அழுத்தத்தில் நூற்றுக்குப் பதின்மூன்று, மலை இறங்கியதால் நான்கு, ஆகப் பதினேழு.

கணிப்பொறி விடை தந்தது. டப்பா ஏழு மடிப்புகளாக உள்வாங்கும். ஆனால் அதற்கு நூற்றுக்குப் பத்தொன்பது வேண்டும். பதினேழில் டப்பா நின்றிருக்க வேண்டும். ஆகவே அப்பா கீழேதான் போட்டிருக்கிறார்! அறிவியலே என் பக்கம் நிற்கிறது என்ற இறுமாப்போடு பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போனேன்.

நான் சொன்னதை அப்பா முழுவதும் கேட்டார். பிறகு பரணிலிருந்து அந்த டப்பாவை எடுத்து வந்தார். "நீ கணக்குப் போட்டது புது டப்பாவுக்கு. இது புதுசா?" என்று கேட்டு, ஓரிடத்தில் விரலை வைத்தார். அங்கே ஒரு பழைய பள்ளம். அதில் மட்டும் துரு ஏறியிருந்தது. மற்ற மடிப்புகளில் தகரம் இன்னும் பளபளத்தது. "இது போன வருசமே ஒடுங்கினது. தேனு ஒழுகல, அதனால வெச்சிருந்தோம். நீ கேட்டியா?"

நான் கேட்கவில்லை. பள்ளத்தையும் சேர்த்து மடிப்புகளை எண்ணினேன். ஆறு தெளிவாகத் தெரிந்தன. கைநழுவி விழுந்த டப்பாவில் ஒரு பக்கம்தான் ஒடுங்கும். இப்படிச் சுற்றிவர வரிசையாக மடியாது. இதை முதலிலேயே பார்த்திருக்க வேண்டிய கண் எனக்கு இல்லாமற்போயிற்று.

கல்லூரிக்குத் திரும்பியதும் அந்தப் பள்ளத்தை அளந்தபடியே கணிப்பொறியில் வரைந்து மறுபடியும் கணக்கிட்டேன். இம்முறை டப்பா பதினைந்திலேயே மடிந்தது. மலைமேல் பதின்மூன்றில் நின்றது, கீழே சேர்வதற்குள் பதினைந்தைத் தொட்டிருக்கிறது. பாதி மலை இறங்கும்போது 'டப்' என்ற சத்தம்! அப்பா சொன்ன இடத்துக்கே கணக்கும் வந்து நின்றது.

இந்தப் பாடத்தை அறிஞர் உலகமும் தடுமாறித்தான் கற்றிருக்கிறது. மேலிருந்து அழுத்தப்படும் மெல்லிய உருளைகள், சூத்திரம் சொன்ன சுமையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே பல வேளைகளில் மடிந்தன. காரணம் புரியாமல் பலரும் திகைத்தனர். கண்ணுக்குத் தெரியாத சிறு குறைகளே காரணம் என்பதை 1945-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் கொய்ட்டர் என்பவர் தம் முனைவர் பட்ட ஆய்வில் நிறுவினார். டச்சு மொழியில் எழுதப்பட்டதால் அது பல ஆண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்தது.

நம் கல்பாக்கத்தில் கட்டிய 500 மெகாவாட் வேக ஈனுலையின் முதன்மைக் கலனும் ஒரு மெல்லிய ஓடுதான். விட்டம் ஏறத்தாழ 13 மீட்டர்; சுவரின் தடிமனோ சில சென்டிமீட்டரே. 1,000 டன்னுக்கு மேற்பட்ட உருகிய சோடியத்தை அது ஏந்த வேண்டும். நிலநடுக்கத்தில் அது மடியுமா என்பதை இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தார் கணிப்பொறியில் ஆராய்ந்தார்கள். செய்யும்போது வட்டம் எவ்வளவு பிசகலாம் என்பதற்கும் எல்லை வகுத்துக்கொண்டார்கள். குறையில்லாத கலன் எங்கும் கிடையாது என்பதை ஒப்புக்கொண்ட பிறகே அவர்கள் கணக்கு தொடங்குகிறது.

அடுத்த முறை ஊருக்குச் சென்றபோது, "நீங்க சொன்னதுதான் சரிப்பா. கணிப்பொறியும் அதையேதான் சொல்லுது" என்றேன்.

அப்பா சாமை புடைக்கும் அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நான் சொன்னப்ப நம்பல. மிஷினு சொன்னா நம்புறியா?" என்றார். குரலில் கோபம் இல்லை. அதனால்தான் எனக்குப் பதில் வரவில்லை.

மண்டிக்காரர் குறைத்த பணம் திரும்பி வரப்போவதில்லை. இப்போது அம்மா, தேன் நன்றாக ஆறிய பிறகே மூடியை அழுத்துகிறார். ஆய்வகத்தில் என் மேசைமேல் அந்த நசுங்கிய டப்பா இருக்கிறது. புதிய கணக்கு ஒன்றைத் தொடங்குமுன் அதன் துருப்பிடித்த பள்ளத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். கணிப்பொறி பொய் சொல்லவில்லை. நான் கேட்காமல் விட்டதை அதனால் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான்.