ஆகஸ்ட்ல வந்த குளிர்

ஜனவரியில் அந்தக் காட்டுக்குப் போனப்ப ஒண்ணும் ஆகல. ஆகஸ்ட்லதான் மாட்டிக்கிட்டோம்.

அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் பக்கம் வொய்ட் மவுன்டன் தேசிய வனம். வருஷம் முழுக்கக் கூட்டம்தான்: கோடையில் மலையேற்றம், அக்டோபரில் நிறம் மாறும் இலைகள், அப்புறம் பனிச்சறுக்கு. அங்கேதான் 6,288 அடி வாஷிங்டன் சிகரம். 1934 ஏப்ரலில் மணிக்கு 372 கிலோமீட்டர் காற்று வீசின இடம்.

பனிக்காலத்தில் பயந்துபோய் நாலு அடுக்கு போட்டிருந்தோம். ஆகஸ்ட்ல வெயில்தானேன்னு காட்டன் டீ-ஷர்ட். நம்ம ஊருக்கு அது மாதிரி வராது. அங்கே வியர்வையில் நனைஞ்சா சீக்கிரம் காயாது, உடம்புச் சூட்டையும் இழுத்துடும்.

மரங்கள் முடிஞ்சு பாறை ஆரம்பிச்சதும் மேகம், காற்று. நண்பனுக்கு நடுக்கம். பையோட ஜிப்பைத் திறக்க முடியல. பேச்சு குழறுச்சு. நான் "டயர்டுடா, அவ்வளவுதான்"னேன். நான் டாக்டர்!

எதிரே இறங்கி வந்த ஒரு வயசான அம்மாதான் பார்த்த உடனே, "முதல்ல அந்தச் சட்டையைக் கழட்டுங்க"ன்னாங்க. அவங்க கொடுத்த காய்ஞ்ச கம்பளி ஸ்வெட்டர், தொப்பி, ஃப்ளாஸ்க்ல இனிப்பான சூடான டீ. கைகாலைத் தேய்க்கப் போன என்னையும் தடுத்தாங்க. சரிதான், தேய்க்கக்கூடாது. மதுவும் கூடாது.

உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனா ஹைப்போதெர்மியா. பரீட்சையில் எழுதியிருக்கேன். காலண்டரைப் பார்த்து அதை மறந்துட்டேன்.

நடுக்கம் அடங்கி அவன் தெளிவாப் பேசின பிறகே இறங்கினோம். சிகரம் பார்க்கல. கீழே பார்க்கிங்ல எல்லாரும் ஐஸ்கிரீம் சாப்பிட்டுட்டு இருந்தாங்க.