குப்பியில் அகப்படுவது எது?

2021 ஜூனில் அமெரிக்காவின் யூஜின் நகரில் நடந்த ஒலிம்பிக் தகுதித் தேர்வில் ஷாகாரி ரிச்சர்ட்சன் 100 மீட்டரை 10.86 விநாடிகளில் ஓடி முதலிடம் பெற்றார். தம்மைப் பெற்ற தாய் இறந்துபோன செய்தியைச் சில நாட்களுக்கு முன்புதான், அதுவும் ஒரு செய்தியாளரின் வாயிலாக, அவர் அறிந்திருந்தார். அந்தத் துயரில் கஞ்சா புகைத்ததை அவரே ஒப்புக்கொண்டார். ஓரிகன் மாநிலத்தில் வயது வந்தோருக்கு அது குற்றமன்று. விதிக்கப்பட்டது ஒரு மாதத் தடைதான். டோக்கியோ பந்தயத்துக்கு முன்பே அது முடிந்தும்விட்டது. ஆனால் தகுதித் தேர்வின் முடிவு அழிக்கப்பட்டதால் அவருக்கு அங்கே இடமில்லை.

அன்று எனக்குண்டான சினம் இன்றும் முழுதாக அடங்கவில்லை. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை ஒரு பொருளைத் தடைசெய்ய மூன்று அளவுகோல்களை வைத்திருக்கிறது: ஆற்றலைக் கூட்டுவது, உடல்நலத்துக்குக் கேடு, விளையாட்டின் ஆன்மாவுக்கு ஊறு. இவற்றுள் இரண்டு பொருந்தினால் போதும். ஆன்மா என்ற சொல் இலக்கியக் கூட்டங்களிலேயே என்ன பாடுபடுகிறது என்பதை நாம் அறிவோம். அதை வைத்து ஒருவரின் நான்காண்டு உழைப்பை அளப்பது எனக்கு ஒப்பவில்லை. அமெரிக்கப் பேஸ்பால் லீக் 2019இலும் கூடைப்பந்து லீக் 2023இலும் கஞ்சாவைத் தம் தடைப் பட்டியலிலிருந்து நீக்கியதை வரவேற்கிறேன்.

ஆயினும் சோதனையே வேண்டாம் என்று சொல்ல நா எழவில்லை. காரணம் மாரடோனா. 1991 மார்ச்சில் நபோலிக்காக ஆடிய ஓர் ஆட்டத்துக்குப் பின் அவரிடம் கொகெய்ன் கண்டறியப்பட்டது. 15 மாதத் தடை. பழக்கம் 1980களின் தொடக்கத்தில் பார்சிலோனாவிலேயே தொற்றிக்கொண்டது என்று பின்னாளில் அவரே சொன்னார். இடையில் ஓர் உலகக் கோப்பை, நபோலிக்கு இரண்டு லீக் பட்டங்கள். இத்தனை ஆண்டுகள் அருகிலிருந்த எவர் கண்ணுக்கும் படவில்லையா?

என் கல்லூரி விடுதியில் ஒரு வாலிபால் வீரன் இருந்தான். அவன் கஞ்சா புகைப்பது பயிற்சியாளர் உட்பட அனைவருக்கும் தெரியும். அவன் பந்தை ஓங்கி அடிக்கும்வரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. முழங்கால் முறிந்த மறுமாதமே ஒழுக்கக்கேடு என்று விடுதியிலிருந்து வெளியேற்றினார்கள்.

ஆகவே சோதனை இருக்கட்டும், முடிவு மருத்துவரிடம் போகட்டும் என்பதே என் நிலை. 2021இல் திருத்தப்பட்ட உலக விதி ஓரளவு இப்பக்கம் சாய்ந்திருக்கிறது. போட்டிக்கு வெளியே உட்கொண்டது, ஆட்டத்துக்குத் தொடர்பற்றது என்று நிறுவினால் மூன்று மாதத் தடை. சிகிச்சைத் திட்டத்தை ஏற்றால் ஒரே மாதம். 2025இல் ககிசோ ரபாடா அவ்வாறு ஒரு மாதத் தடை முடித்துத் திரும்பி, லார்ட்ஸ் மைதானத்தில் உலக டெஸ்ட் இறுதியாட்டத்தில் 9 விக்கெட்டுகள் வீழ்த்தினார்.

ஆனால் இதிலும் ஒரு முள் உண்டு. ஆஸ்திரேலியக் கால்பந்து லீக் 2005 முதலே முடிவுகளை மருத்துவரிடம் இரகசியமாக ஒப்படைக்கும் முறையைக் கையாண்டது. போதை தெளியாத வீரர்கள் காயம் என்ற பொய்க்காரணத்துடன் ஆட்டத்திலிருந்து விலக்கி வைக்கப்படுவதாக 2024இல் அந்நாட்டு நாடாளுமன்றத்திலேயே குற்றச்சாட்டு எழுந்தது. இரகசியம் காக்கும் அந்த மருத்துவருக்குச் சம்பளம் கொடுப்பது யார் என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது.