அருவி வற்றிய மாதத்தில் தென்காசி

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்பார்கள். குடியிருக்க ஒரு ஊரைத் தேர்ந்தெடுத்துப் பார் என்பதையும் இனி சேர்த்துக்கொள்ளலாம் போலிருக்கிறது! முன்பெல்லாம் டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வரும். முணுமுணுத்துக்கொண்டே சாமான்களைக் கட்டுவோம். 2020-ல் கொரோனா வந்த பிறகு, கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பலருக்கு எந்த ஊரிலிருந்தும் வேலை செய்யலாம் என்ற வசதி கிடைத்தது. வசதிதான், ஆனால் எந்த ஊர் என்று முடிவு செய்வதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது.

என் தங்கை வீட்டில் இந்தக் குழப்பம் இரண்டு வருடம் நீடித்தது. அவளும் அவள் கணவரும் வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை சென்னை ஆபீசில் தலைகாட்டினால் போதும். நாலு வயதுப் பையனுக்கு அடிக்கடி வீசிங். கூட இருக்கும் எங்கள் அம்மாவுக்கு முழங்கால் வலி; மாடிப்படி ஏற முடியாது. சென்னை வாடகை வேறு கழுத்தை நெரித்தது.

தங்கைக்குத் தென்காசி மேல் ஆசை. அவள் கணவருக்குக் கும்பகோணம். நண்பர்கள் கோயமுத்தூர் என்றார்கள். வாடகையை விசாரித்ததும் அந்தப் பேச்சு நின்றுவிட்டது. மற்ற இரண்டு ஊருக்கும் நோட்டுப் போட்டு நிறை, குறை எழுதினார்கள். எழுத எழுத இரண்டு பக்கமும் சமமாகவே வந்தது. எந்த ஊர்ப் பள்ளியில் சேர்ப்பது என்று தெரியாமல் பையனின் ஒரு அட்மிஷன் சமயமும் கடந்துவிட்டது.

ஒரு நாள் அம்மா சொன்னார்: "பொண்ணு பார்க்கப் போற அன்னிக்கு எந்த வீடும் பளிச்சுனுதான் இருக்கும். சொல்லாம கொள்ளாம சாதாரண நாள்ல போய்ப் பாருங்கடி!"

அதன்படி, சென்ற ஆண்டு பங்குனியில் இரண்டு ஊரிலும் பத்துப் பத்து நாள் தங்கிப் பார்ப்பது என்று கிளம்பினார்கள். பையனைப் பார்த்துக்கொள்ள நானும் போனேன்.

சென்னையில் இரவு பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் தென்காசி. குற்றாலம் அங்கிருந்து சுமார் ஐந்து கிலோமீட்டர்தான். ஆனி, ஆடி, ஆவணியில் தென்மேற்குப் பருவக்காற்று சாரலை அள்ளிக்கொண்டு வரும். அப்போது யாருக்குத்தான் இந்த ஊர் பிடிக்காது? நாங்கள் போனபோது பேரருவி பாறையில் நூலாக வழிந்துகொண்டிருந்தது. பாதிக் கடைகள் மூடியிருந்தன. குரங்குகள் மட்டும் எங்கள் பையை ஆவலோடு பார்த்தன.

"இதுதான் அக்கா நிஜ முகம். இது பிடிச்சாத்தான் இங்கே இருக்க முடியும்" என்றாள் தங்கை.

காலையில் அவர்கள் இருவரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார, நான் பையனோடு ஊரைச் சுற்றினேன். காய்கறிக் கடை எத்தனை தூரம், குழாயில் தண்ணீர் எப்போது வருகிறது, எந்தப் பள்ளிக்கு நடந்து போகலாம் என்று பக்கத்து வீட்டுப் பெண்களிடம் கேட்டுக் குறித்துக்கொண்டேன். பராமரிப்புக்காக ஒரு நாள் பகல் முழுக்க மின்சாரம் நின்றது. நல்லதாகப் போயிற்று! இன்வெர்ட்டர் இருந்தால் இன்டர்நெட்டும் வேலையும் தடைப்படாது என்று அன்றே தெரிந்துவிட்டது.

குழந்தை டாக்டரையும் பார்த்தோம். "ஊர் மாறினா வீசிங் போயிடும்னு நம்பி வராதீங்க. இன்ஹேலரை நீங்களா நிறுத்தாதீங்க" என்று அவர் கண்டிப்பாகச் சொன்னதே எங்களுக்கு நம்பிக்கை தந்தது. தென்காசி 2019-ல் தனி மாவட்டமானது; அரசு மருத்துவமனை ஊருக்குள்ளேயே இருக்கிறது. பெரிய வைத்தியம் என்றால் மட்டும் ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து திருநெல்வேலி போக வேண்டும்.

சாயங்காலம் காசி விஸ்வநாதர் கோயில். பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டியது. ராஜகோபுர வாசலில் நுழைந்தபோது காற்று ஆளைத் தள்ளியது. பையன் அதோடு விளையாட, அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அடுத்துக் கும்பகோணம். காபியும் வெற்றிலையும் வெண்கலக் கடைகளும் திரும்பிய பக்கமெல்லாம் கோயிலுமாக, அதுவும் குறைந்த ஊரில்லை. டாக்டர் இரண்டு தெரு தள்ளி. தஞ்சாவூர் நாற்பது கிலோமீட்டர். 2016-க்குப் பிறகு அடுத்த மகாமகம் 2028-ல் வருகிறது என்று தங்கை கணவர் இப்போதே கணக்குப் போட்டார். ஆனால் அவர்கள் பட்ஜெட்டில் நாங்கள் பார்த்த வீடுகள் எல்லாமே மாடியில்தான் இருந்தன.

கடைசி நாள் இரவு நோட்டைத் தள்ளி வைத்துவிட்டு, 'இது இல்லாமல் முடியவே முடியாது' என்பதை மட்டும் எழுதச் சொன்னேன். மூன்றே தேறின: தரைத்தள வீடு, பத்து நிமிஷத்தில் குழந்தை டாக்டர், மின்சாரம் போனாலும் நிற்காத இன்டர்நெட். அருவி, காபி, கோயில் எல்லாம் 'இருந்தால் நல்லது' பக்கம் போய்விட்டன. மூன்றும் சேர்ந்து கிடைத்தது தென்காசியில்தான். தங்கை கணவர் ஒரு நாள் முழுக்க யாரோடும் பேசவில்லை. மறுநாள், "அம்மா படியேற முடியாத வீட்டில் எனக்கு மட்டும் எதுக்கு கும்பகோணம்? வருஷத்துக்கு ரெண்டு தடவை போய்க்கலாம்" என்றார்.

பதினோரு மாத ஒப்பந்தம் போட்டார்கள். ஒத்துவராவிட்டால் மாறிக்கொள்ளலாம் என்ற எண்ணமே பாதி பயத்தைப் போக்கிவிட்டது. ஜூனில் பையன் பள்ளிக்குப் போனான். குறைகள் இல்லாமல் இல்லை. சீசனில் பொதிகை டிக்கெட் குதிரைக்கொம்பு. சனி, ஞாயிறுகளில் ரோடு முழுக்க வண்டிகள். வீசிங்கும் அடியோடு போய்விடவில்லை. ஆனால் இரவு இரண்டு மணிக்கு யாரிடம் ஓடுவது என்ற கலக்கம் இல்லை.

ஊர் தேடும் சகோதரிகளே! அந்த ஊரின் மோசமான மாதத்தில் போய்ப் பாருங்கள். சமைத்துத் துவைத்துப் பத்து நாளாவது குடித்தனம் நடத்துங்கள். இல்லாமல் முடியாதவை மூன்றை எழுதுங்கள். முடிவு சொல்ல ஒரு தேதி வையுங்கள். குறையே இல்லாத ஊர் எங்கும் இல்லை. நாம் தாங்கக்கூடிய குறை உள்ள ஊர்தான் நம் ஊர்.