தலைமயிரைச் சிரைத்தவன்

போன தை மாதத்தோடு தோட்ட வேலையை விட்டுவிட்டேன். வயது 67. வலது முழங்கால் மடங்க மாட்டேன் என்கிறது. குத்துக்காலிட்டு உட்கார முடியாதவன் இந்தத் தொழிலில் இருந்து பயன் இல்லை. நின்றபடி பார்க்கிறவனுக்கு மண்ணில் நடப்பது எதுவும் தெரியாது.

ஊரில் கேட்கிறவர்களிடமெல்லாம் முழங்காலைத்தான் சொல்கிறேன். இன்னொரு காரணமும் உண்டு. திருச்சியில் 22 வருஷம் நான் பார்த்துவந்த ஒரு வீடு. அந்த வீட்டுப் பையன், பையன் என்ன, 35 வயது இருக்கும், பெங்களூரிலிருந்து வந்து கொல்லையை ஒரு காண்ட்ராக்டரிடம் விட்டான். மூன்றே நாள். நந்தியாவட்டை, இட்லிப்பூ, மருதாணி எல்லாம் ஜேசிபி வாயில் போயின. மட்டம் பண்ண இரண்டு லாரி செம்மண் கொட்டினார்கள். “மண்ணைச் சலிச்சீங்களா?” என்று கேட்டேன். காண்ட்ராக்டர் சிரித்தார். அதன்மேல் கறுப்புத் துணி விரித்து, பிளாஸ்டிக் புல்லை ஒட்டி, ஓரத்தில் வெள்ளைக் கூழாங்கல் கொட்டி, ஒன்றேகால் லட்சம் வாங்கிக்கொண்டு போனார்கள்.

“இனிமே உங்களுக்குக் கஷ்டமே இல்லண்ணே. தண்ணி ஊத்துற வேலை கிடையாது” என்றான் அந்தப் பையன். நல்ல பிள்ளை. குத்திக்காட்டச் சொன்னதல்ல. அதனால்தான் இன்னும் உறுத்துகிறது. இத்தனை வருஷமும் நான் தண்ணீர்தான் ஊற்றிக்கொண்டிருந்தேன் என்று உண்மையாகவே நினைத்திருக்கிறான்.

கையில் காசு இல்லாதவர்கள்தான் என்னை அதிகம் கூப்பிட்டிருக்கிறார்கள். வீடு கட்டி முடிக்கும்போது கடனைத் தவிர வேறு எதுவும் மிஞ்சுவதில்லை. “ஏதோ ரெண்டு செடி வெச்சு, பார்க்கிற மாதிரி பண்ணிக் குடுங்க” என்பார்கள். நான் சொல்லும் முதல் வார்த்தை, ஆறு மாசத்துக்கு நர்சரிப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள் என்பது. சிலருக்குக் கோபம் வரும். கூலிக்காக நாளை இழுக்கிறான் என்று என் காதுபடவே பேசியவர்களும் உண்டு.

செடிக்கு எதற்குக் காசு? செம்பருத்தி, அரளி, நந்தியாவட்டை எல்லாம் தெருவில் ஒரு வீட்டிலாவது இருக்கும், கேட்டால் குச்சி கொடுப்பார்கள். முருங்கைக்குப் போத்து. மல்லிகைக்குப் பதியன் போடுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை எழுதிப் பக்கத்தை வீணாக்க வேண்டாம். வாழையில் நீர்க்கன்றை விட்டுவிட்டு ஈட்டிக்கன்றாகப் பார்த்து எடுத்தால் போதும். வாழைக்கென்றே தேசிய ஆராய்ச்சி மையம் இருக்கிற ஊர் இது. இங்கே உட்கார்ந்துகொண்டு ஒருவர் போனில் அமுக்கி எங்கிருந்தோ வாழைக்கன்று வரவழைத்தார். பிரித்துப் பார்த்தால் நீர்க்கன்று. பாத்திக்கு ஓரம் கட்ட, கட்டடத்தில் மிஞ்சிய அரைச் செங்கல். அவரைப் பந்தலுக்கு நாலு சவுக்குக் கம்பும் கயிறும். தேங்காய் மட்டையைக் குழிவுப் பக்கம் வானத்தைப் பார்க்கக் குழிக்குள் அடுக்கி மண்ணை மூடினால், வெயில் காலத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் விட்டால்கூடத் தாங்கும். இதெல்லாம் ஒரு வாரத்து வேலை.

செலவு வைப்பது கோரை.

கோரை என்றதும் பத்தமடைப் பாயை நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது வேறு, தண்ணீர்க்கரையில் ஆளுயரம் வளர்வது. நான் சொல்வது பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழேயே நிற்கிற சனியன். தண்டை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து உருட்டிப் பாருங்கள், உருளாது. மூன்று பட்டை. கிழங்கை உடைத்து முகர்ந்தால் நல்ல வாசனை வரும், நலங்கு மாவில்கூடச் சேர்க்கிறார்கள். வாசனையை நம்பி ஒருமுறை நாலு கிலோ கிழங்கை மூட்டை கட்டிக்கொண்டு நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். கழுவி, மேல் மயிரை நீக்கி, காயவைத்துக் கொண்டுவரச் சொன்னார் கடைக்காரர். அவர் சொன்ன விலைக்கு அந்தக் கூலி கட்டாது.

நாவலூர் குட்டப்பட்டு வேளாண் கல்லூரியில் படித்த தம்பி ஒருவன் சொன்னான்: 1977-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு புத்தகத்தில், உலகத்திலேயே மோசமான களை என்று இதற்குத்தான் முதலிடம் கொடுத்திருக்கிறார்களாம். ‘சைபெரஸ் ரொட்டண்டஸ்’ என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதியும் கொடுத்தான். அதை வெகுநாள் பர்ஸிலேயே வைத்திருந்தேன். எவனாவது என்னைப் புல்லுப் புடுங்குகிறவன் என்று சொன்னால் எடுத்துக் காட்டலாம் என்று. சொன்னார்கள். காட்டவில்லை.

எனக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு கிழவி. லால்குடிப் பக்கம் வயலில் களையெடுத்தவர். மகன் வீட்டோடு டவுனுக்கு வந்த பிறகு வீட்டுத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போனார். ஆத்தா என்றுதான் கூப்பிடுவேன். பெயரைக் கேட்டுவைத்துக்கொள்ள அந்த வயதில் தோன்றவில்லை.

1979-இல் அவரோடு வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாள் ஒரு பாத்தியைக் காட்டி, கோரையை எடுக்கச் சொன்னார். நான் இரண்டு கையாலும் பிடித்துப் பிடுங்கித் தள்ளினேன். ஒரு மணி நேரத்தில் பாத்தி மொட்டைத் தலை மாதிரி ஆகிவிட்டது. ஆத்தா வந்து பார்த்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு, “பத்து நாளு கழிச்சு இதே எடத்துக்கு வாடா” என்றார். போனேன். ஒன்று இருந்த இடத்தில் மூன்று நின்றது.

“நீ தலைமயிரைத்தான்டா சிரைச்சிருக்கே. ஆளு உள்ள உக்காந்திருக்கான்.”

அதன்பிறகு அவர் சொல்லிக்கொடுத்த முறை இது. முதல் நாள் சாயங்காலம் நன்றாகத் தண்ணீர் காட்ட வேண்டும், மழை பெய்திருந்தால் இன்னும் நல்லது. மறுநாள் காலையில் செடிக்கு ஒரு சாண் தள்ளிக் கடப்பாரையை இறக்கி, மண்ணைக் கட்டியாக நெம்ப வேண்டும். மம்பட்டியைத் தொடக்கூடாது, வெட்டினால் கயிறு அறுந்துவிடும். கயிறு என்று அவர் சொன்னது ஒரு கிழங்கிலிருந்து அடுத்த கிழங்குக்கு ஓடுகிற கறுத்த வேர், கம்பி மாதிரி இருக்கும். கட்டியைக் கையில் உடைத்து, அந்தக் கயிற்றைப் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்துக்கொண்டு போனால் ஒரு கிழங்கு. அதிலிருந்து இன்னொரு கயிறு, இன்னொரு கிழங்கு. மணி கோத்த மாதிரி போய்க்கொண்டே இருக்கும். நடுவில் அறுந்துவிட்டதா, அறுந்த இடத்திலிருந்து விரலை எடுக்காமல் மறு கையால் துழாவ வேண்டும். விரலை எடுத்தால் போச்சு, அந்த இடம் திரும்பக் கிடைக்காது. கண்ணால் தேடவே கூடாது. மண்கட்டியும் கிழங்கும் ஒரே நிறம். “மண்ணு நசுங்கும், கெழங்கு நசுங்காது. வெரலுக்குத்தான் தெரியும்” என்பார்.

எடுத்த கிழங்கை ஒரு பழைய டின்னில் போட்டு, வேலை முடிந்ததும் எண்ணச் சொல்வார். முதல் நாள் ஒரு சதுர முழத்தில் 86 கிழங்கு எண்ணினேன். ஆத்தா அதே இடத்தில் உட்கார்ந்து இன்னும் 11 எடுத்துப் போட்டார். எண்ணியதைக் குப்பைக்குழியில் போட விடமாட்டார், எருவோடு சேர்ந்து திரும்ப வந்துவிடும். மொட்டை மாடியில் இரண்டு வாரம் காய வேண்டும். காய்ந்ததை நகத்தால் கிள்ளிப் பார்ப்பார். உள்ளே வெள்ளையாக இருந்தால் இன்னும் ஒரு வாரம்.

பிறகுதான் இருபது நாள் கணக்கு. எவ்வளவு எடுத்தாலும் கொஞ்சம் தங்கும். தங்கியது தளிர் விடும். தளிர் விட்ட இருபது நாளுக்குள் எடுத்தால் தாய்க்கிழங்கு இளைத்துப்போய் நிற்கும். நாள் தள்ளினால் குட்டி போட்டுவிடும், மறுபடி முதலிலிருந்து. கல்யாணம், சாவு, காய்ச்சல் எதுவானாலும் அந்த நாள் தவறக்கூடாது. ஆத்தாவின் தங்கை இறந்தபோது காரியம் முடிந்த மறுநாளே பாத்தியில் உட்கார்ந்திருந்தார்.

இரண்டு சுற்று எடுத்த பிறகு சர்க்கரைவள்ளிக் கொடியை நட்டுவிட வேண்டும். கோரைக்கு நிழல் ஆகாது, கொடி படர்ந்து மூடினால் அடங்கும். இடையில் தலைகாட்டுவதை மட்டும் கொடியை விலக்கி எடுக்க வேண்டும். கொடி முற்றிக் கிழங்கு வெட்டும்போது மண் தானாகவே ஒருமுறை புரண்டுவிடும், மிச்சக் கோரையும் கையோடு வரும். அப்படி வெட்டும்போது ஒரு வள்ளிக்கிழங்கு கிடைத்தது. கோரையின் முளை இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்திருந்தது, கோணி ஊசி குத்திய மாதிரி. ஆத்தா அதை என் உள்ளங்கையில் வைத்து, “யாரோட மல்லுக்கு நிக்கிறோம்னு பாத்துக்க” என்றார்.

1998-இல் கே.கே. நகர்ப் பக்கம் ஒரு வாத்தியார் வீடு. கொல்லை 30-க்கு 20 அடி. கையில் 2,000 ரூபாய்தான் இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். தையில் ஆரம்பித்தேன். இருபது நாளுக்கு ஒருமுறை என்று ஒன்பது தடவை, தடவைக்கு 90 ரூபாய் கூலி. காந்தி மார்க்கெட்டில் முளைவிட்ட வள்ளிக்கிழங்கு இரண்டு கிலோ வாங்கி, அதை மண்ணில் புதைத்து எடுத்ததுதான் கொடி. சித்திரை மாதம் அந்த வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் கொல்லையைப் பார்த்து, “வீடு கட்டிட்டு வள்ளிக்கெழங்கு வெவசாயமா?” என்று சிரித்தார்கள். அந்த அம்மா அதிலிருந்து என்னோடு பேசவில்லை. ஆனி கடைசியில் ஒரு கோணிப்பை கிழங்கு வெட்டினோம், பேச்சு வந்துவிட்டது. எரு ஒரு வண்டி 250 ரூபாய், அதையும் சல்லடையில் போட்டுத்தான் உள்ளே விட்டேன். ஆடிப்பெருக்குக்கு அவரை, பாகல், வெண்டை விதை போட்டோம். குச்சி எல்லாம் தெருவில் வாங்கியது. மிஞ்சிய காசில் ஒரு மா ஒட்டுக்கன்று. ஒட்டுக்கன்று மட்டும் காசு கொடுத்து வாங்க வேண்டியது, அதில் கஞ்சத்தனம் கூடாது. அந்த மரம் இன்றும் காய்க்கிறது. வாத்தியார் இல்லை.

இதே கணக்கை இன்று சொன்னால் யாரும் நின்று கேட்பதில்லை. சனிக்கிழமை நட்டு ஞாயிற்றுக்கிழமை படம் எடுக்க வேண்டும். நர்சரியில் பூத்த செடியாகப் பார்த்து வாங்குகிறார்கள். கோதாவரிப் பக்கம் கடியம் என்று ஓர் ஊர், அங்கிருந்து லாரி லாரியாக நம் ஊருக்குச் செடி வருகிறது. அங்கேயானாலும் இங்கேயானாலும் பைக்குள் இருக்கிற மண்ணை வாங்குகிறவர் பார்ப்பதில்லை. நான் ஒவ்வொரு பையையும் தொட்டியில் ஊறப்போட்டு, மண்ணை உதிர்த்துப் பார்த்த பிறகுதான் நடுவேன். வேலையற்ற வேலை என்பார்கள். ஒரு வீட்டில் களைக்கொல்லி அடித்தார்கள். கோரை மேலே கருகியது, கூடவே பத்து வருஷத்துச் செம்பருத்தியும். செம்பருத்தி திரும்பி வரவில்லை.

கட்டட வேலைக்கு வரும் சித்தாளிடம் யாரும் கூலியில் பேரம் பேசுவதில்லை. தோட்டக்காரனிடம் மட்டும் அரை நாள் கணக்குப் பார்ப்பார்கள். கோரை அடர்ந்த இடத்தில் அரை நாளில் ஒரு சதுர கெஜம் எடுத்திருந்தால், “இவ்வளவுதானா?” என்பார்கள். எனக்குக் கைக்கு உதவியாக மூன்று பையன்கள் வந்து போனார்கள். கடைசியாக வந்தவன் ஒன்றரை மாதம் இருந்தான். “பெரியப்பா, வினிகர் ஊத்தினா செத்துரும்னு யூடியூப்ல போட்டிருக்கான்” என்றான். ஊற்றிப் பார் என்றேன். மறுநாள் காய்ந்து கிடந்ததைப் படம் எடுத்து நாலு பேருக்கு அனுப்பினான். பத்து நாள் கழித்து அதே இடத்துக்கு வரச் சொன்னேன். அதற்குள் வேறு வேலைக்குப் போய்விட்டான்.

ஐப்பசி மழைக்குப் பிறகு அந்த ஒன்றேகால் லட்சத்து வீட்டு அம்மா போன் பண்ணினார்கள். “ஏங்க, புல்லுக்குள்ளேருந்து புல்லு வருதுங்க.”

போனேன். உட்கார முடியாததால் ஒரு முக்காலி போட்டார்கள். பிளாஸ்டிக் புல்லின் பச்சைக்கு நடுவே வேறு ஒரு பச்சை, விரல் நீளத்துக்கு, கூராக. துணியையும் குத்திக்கொண்டு வந்திருந்தது. என் காலத்திலும் மதிலோரம் ஒரு முழ அகலத்துக்குக் கொஞ்சம் மிச்சம் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். இது நடுக்கொல்லையில் வந்திருந்தது, செம்மண் கொட்டிய இடத்தில். கடப்பாரையை எங்கே இறக்குவது? ஒட்டிய புல்லைப் பெயர்த்தால் ஒன்றேகால் லட்சமும் பெயரும். கத்தரியால் நறுக்கிவிடுங்கள் என்றேன். வேறு என்ன சொல்வது?

“எத்தனை நாளைக்கு ஒருக்காங்க நறுக்கணும்?” என்று கேட்டார்கள்.

வாய்ப் பழக்கத்தில் இருபது என்று சொல்லிவிட்டேன். அந்தக் கணக்கு கிழங்கோடு எடுக்கிறவனுக்கு. கத்தரி வைத்து நறுக்குகிறவருக்குப் பொருந்தாது, இருபது நாளில் கீழே குட்டி போட்டுவிடும். பஸ் ஏறிய பிறகுதான் உறைத்தது. அவர்கள் காலண்டரில் குறித்துவைத்து நறுக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். போன் பண்ணிச் சொல்ல வேண்டும். இன்னும் சொல்லவில்லை.