ஊசி டப்பா

பொன்மலையில் எங்கள் வீட்டில் கடிகாரம் இருந்ததில்லை. ரயில்வே ஒர்க்‌ஷாப் சங்கே போதும். ஒரு சங்குக்கு அப்பா குளிக்கப் போவார். அடுத்த சங்குக்குள் தூக்குச்சட்டியைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பார். நாள் இப்படி என்றால் ஆயுளுக்கும் அங்கே ஒரு சங்கு இருந்தது. அப்போது 58 வயது. அந்த மாதத்தின் கடைசி நாளில் மாலை போட்டு, நாயனம் வைத்து, ஆளை வீட்டு வாசல் வரை ஊர்வலமாகக் கொண்டுவந்து விடுவார்கள். கொஞ்ச நாளில் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட வேண்டும். மாட்டு வண்டியில் பீரோவும் கட்டிலும் அம்மிக்கல்லும் ஏறிப் போவதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்ததால், ஒரு மனிதனின் தொழில் 58இல் முடிந்துவிடும் என்று நான் திடமாக நம்பியிருந்தேன்.

எதிர் வரிசையில் டிரைவர் அங்கிள் வீடு. ஆங்கிலோ இந்தியர்கள். ஊரில் சட்டைக்காரர் என்பார்கள். அந்தச் சொல்லை அம்மா எங்கள் வாயில் வரவிட்டதில்லை. அப்பாவுக்கு அவர் 'டிரைவர் சார்', எனக்கு அங்கிள். மீட்டர் கேஜ் பாதையில் நீராவி இன்ஜின் ஓட்டுகிறவர். ராத்திரி வண்டியில் விழுப்புரம் போனால் மறுநாள்தான் திரும்புவார். வரும்போது காது மடல், கழுத்து மடிப்பு எல்லாம் கரி ஏறியிருக்கும். ஆன்ட்டி வைத்திருக்கும் வெந்நீரில் வெகுநேரம் குளித்து, ஒரு தூக்கம் போட்டு எழுந்து, சாயங்காலம் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு வராந்தாவில் வந்து உட்காருவார். பிறகு கிராமபோன் வெளியே வரும்.

அதற்குச் சாவி கொடுப்பது என் வேலை. 1969இல் எனக்கு எட்டு வயது. கைப்பிடியைச் சுற்றச் சுற்ற உள்ளே ஸ்பிரிங் இறுகுவது முழங்கை வரை தெரியும். "போதும் மேன், உடைச்சிராதே" என்று அங்கிள் சொல்கிற இடம்வரை சுற்றுவேன். பெட்டியின் ஓரத்தில் சின்னத் தகர டப்பா ஒன்று இருக்கும். மூடியில் நாய் படம், உள்ளே இரும்பு ஊசிகள். ஒரு பக்கம் பாடி முடித்ததும் அந்த ஊசியை எடுத்துவிட்டுப் புதிது போட வேண்டும். தேய்ந்த ஊசி தட்டைத் தின்றுவிடும் என்பார். பாடி முடித்த ஊசிகளுக்கு வேறொரு டப்பா. எடுத்துக் கொடுக்கிறபோது தொட்டால் சில சமயம் சூடாக இருக்கும். பாட்டுதான் சூடு என்று நினைத்துக்கொள்வேன்.

அங்கிளின் தம்பி கப்பலில் வேலை பார்த்தவர். அவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்த தட்டுகள் அவை. சக் பெர்ரி, ஃபேட்ஸ் டாமினோ, லிட்டில் ரிச்சர்ட், எல்விஸ் பிரெஸ்லி, கிளிஃப் ரிச்சர்ட். எல்லாம் ராக் அண்ட் ரோல். எனக்கு ஒரு வார்த்தையும் புரியாது. பெர்ரியின் 'ஜானி பி. குட்' பாட்டுக்கு மட்டும் அங்கிள் கதை சொல்லியிருந்தார். ரயில் பாதை ஓரம் மரத்தடியில் உட்கார்ந்து, ஓடும் வண்டியின் தாளத்துக்குக் கிடார் வாசிக்கும் ஏழைப் பையன் ஒருவன். ரயில்வே காலனிப் பிள்ளைக்கு வேறென்ன வேண்டும்? எங்கள் பக்கத்துப் பையன்தான் அவன் என்று வைத்துக்கொண்டேன். அந்தப் பாட்டின் தொடக்கத்தில் கிடார் ஒன்று கூவிக்கொண்டு பாய்ந்து வரும். அதைக் கேட்டால், அவுட்டரில் நிற்கும் வண்டிக்குக் கைகாட்டி இறங்கிய மாதிரி இருக்கும்.

பக்கத்து வீட்டில் ஆபீஸ் கிளார்க் ஒருவர் இருந்தார். நல்ல கர்நாடக சங்கீத ரசிகர். வேலி ஓரம் நின்று, "இந்தக் கூச்சல் ரெண்டு தீபாவளி தாங்காது டிரைவர் சார்" என்பார். அங்கிள் எதிர்த்துப் பேசமாட்டார். "ஆடறதுக்கு நல்லா இருக்குல்ல சார்" என்று மட்டும் சொல்வார். அவருக்குமே இது நிலைக்கும் என்ற எண்ணம் இருந்ததில்லை. அமெரிக்காவிலும் பெரியவர்கள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பதைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். தேவாலயங்களில் பழித்துப் பேசினார்கள், தட்டுகளை உடைத்தார்கள். ஓரிரு வருஷத்தில் அடங்கிவிடும் என்று எதிர்பார்த்தார்கள். அடங்கிவிடும் என்று நம்பவும் காரணம் இருந்தது. 1959 பிப்ரவரி 3 அன்று ஒரு சிறு விமானம் விழுந்து பட்டி ஹாலி, ரிச்சி வாலன்ஸ், பிக் பாப்பர் என்ற பாடகர்கள் மூவரும் ஒன்றாகப் போனார்கள். அடுத்த ஆண்டு இன்னொரு பாடகர் எடி காக்ரன் சாலை விபத்தில் இறந்தார். எல்விஸ் ராணுவத்துக்குப் போனார். லிட்டில் ரிச்சர்ட் 1957இலேயே, ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தின் நடுவில், இனிப் பாட்டு வேண்டாம், ஊழியம்தான் என்று விட்டுவிட்டார். வானத்தில் ரஷ்யாவின் ஸ்புட்னிக் போன வெளிச்சத்தை அவர் கடவுளின் எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டார். அப்புறம் 1962இல் மேடைக்குத் திரும்பி வந்தார். மறுபடி விட்டார், மறுபடி வந்தார். ஆயுள் முழுக்கவே சபைக்கும் மேடைக்கும் இடையில் நடந்துகொண்டிருந்தவர் அவர்.

கிளிஃப் ரிச்சர்ட் பாடும்போது அங்கிளின் முதுகு நிமிர்ந்துவிடும். "நம்ம பையன் மேன்" என்பார். உண்மைதான். 1940இல் லக்னோவில் பிறந்த ஹாரி வெப்தான் பிற்காலக் கிளிஃப் ரிச்சர்ட். அப்பாவுக்கு ரயில்வே சாப்பாட்டுக் கான்ட்ராக்ட் கம்பெனியில் வேலை. 1948இல் குடும்பத்தோடு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார்கள். பத்தே வருஷத்தில், 17 வயதில், 'மூவ் இட்' பாடினான் அந்தப் பையன். கப்பல் ஏறாமல் இருந்திருந்தால் ஏதாவதொரு ரயில்வே இன்ஸ்டிட்யூட் டான்ஸில் பாடிக்கொண்டிருந்திருப்பான் என்று அங்கிள் சொல்வார். இன்ஸ்டிட்யூட்டில் அவரே கிடார் வாசிப்பார். கிறிஸ்துமஸ் ராத்திரி ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன். ஷவல் பிடித்துக் காய்த்த கைகள். டிரைவராவதற்கு முன்பு பல வருஷம் பயர்மேனாக இருந்தவர். அந்தத் தடித்த விரல்கள் கம்பியில் அத்தனை மெதுவாக இறங்குவதைப் பார்க்க ஆச்சரியமாக இருக்கும்.

1973இல் அங்கிளுக்கு 58 ஆயிற்று. மாலை, நாயனம், ஊர்வலம். அதற்குள் மூத்த மகள் ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்துக்குப் போயிருந்தாள், இவர்களையும் கூப்பிட்டுக்கொண்டாள். சாமான்களையெல்லாம் வராந்தாவில் பரப்பி விற்றார்கள். ஆன்ட்டியின் தையல் மிஷின், மரத் தொட்டில், சுவர்க் கண்ணாடி. கிராமபோனை டவுனிலிருந்து வந்த ஒருவர் விலை பேசி எடுத்துக்கொண்டு போனார். ஊசி டப்பாவும் பெட்டிக்குள்ளேயே போய்விட்டது. கிளம்புவதற்கு முதல் நாள் அங்கிள் என்னைக் கூப்பிட்டு ஒரு தட்டைக் கொடுத்தார். ஃபேட்ஸ் டாமினோவின் 'புளூபெர்ரி ஹில்'. "சாவி குடுத்த கூலி மேன்" என்றார்.

போட்டுக் கேட்க வீட்டில் எதுவும் கிடையாது. அம்மா அதை ஒரு பழைய வேட்டித் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்தாள். நான் அவ்வப்போது எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, அந்த நெருக்கமான வரிகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

1977 ஆகஸ்டில் எல்விஸ் இறந்தார். 42 வயது. அதோடு அந்தப் பாட்டுக்காரர்களின் காலம் முடிந்தது என்றுதான் நானும் எண்ணினேன்.

முடியவில்லை. ரயில்வேயில் கணக்குப் பிரிவில் நானும் சேர்ந்தேன். வேலை, கல்யாணம், பிள்ளைகள் என்று வருஷங்கள் போயின. பத்திரிகையில் எங்காவது ஒரு பத்திச் செய்தியாக அவர்களில் யாராவது தலைகாட்டுவார்கள், இன்னும் பாடிக்கொண்டு. கிளிஃப் ரிச்சர்டின் பாட்டு 50களிலும் 60களிலும் 70களிலும் 80களிலும் 90களிலும் இங்கிலாந்தில் முதல் இடத்துக்கு வந்தது. 1996இல் விம்பிள்டனில் மழையால் ஆட்டம் நின்றபோது, கூட்டம் கலையாமல் இருக்க அவர் எழுந்து நின்று பாடியதைப் படித்தேன். அதற்கு வெகு முன்பு, அங்கிள் பெர்த்திலிருந்து போட்ட கிறிஸ்துமஸ் கார்டு ஒன்றில், அங்கே ஒரு தொழிற்சாலையில் வாட்ச்மேனாக இருப்பதாகவும், சனிக்கிழமைகளில் ஒரு கிளப்பில் கிடார் வாசிப்பதாகவும் எழுதியிருந்தார். அப்போது அவருக்கு எழுபதை நெருங்கிய வயது.

ஏன் இவர்கள் நிறுத்தவில்லை? பாட்டின் மேல் உள்ள ஆசை என்று சொல்லிவிட்டால் அது பாதிதான். சக் பெர்ரியின் கணக்கைப் பார்த்தால் மற்ற பாதி தெரியும். தச்சு வேலை செய்த அப்பாவின் மகன். கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தார், சிகை அலங்காரத் தொழில் படித்தார். 1955இல் 'மேபிலீன்' வெளிவந்தபோது வயது 28. அந்தத் தட்டில் பாட்டு எழுதியவர்களாக அவர் பெயரோடு இன்னும் இருவர் பெயர் ஏறியிருந்தது. ஒருவர் வானொலியில் பாட்டுப் போடும் ஆலன் ஃப்ரீட். ஒரு வரியும் எழுதாதவர்களுக்கு உரிமைத் தொகையில் பங்கு. அந்தப் பெயர்கள் நீங்கி, பாட்டு முழுக்க பெர்ரிக்கே ஆனது 1986இல். லிட்டில் ரிச்சர்டுக்கு ஒரு தட்டு விற்றால் கிடைத்தது அரை சென்ட். வித்தவனுக்கு லாபம், பாடினவனுக்குத் தொண்டை வலி. மேடையில் கையில் வாங்குகிற பணம்தான் நிச்சயம் என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். பெர்ரி தனக்கென்று வாத்தியக் குழு வைத்துக்கொள்ளாமல் கிடாரும் தானுமாக ஊர் ஊராய்ப் போனார். அந்தந்த ஊரில் ஏற்பாடு செய்யும் ஆட்கள்தான் பக்கவாத்தியம். முதலில் பணம், பிறகு பாட்டு. கறாரானவர் என்று பலரும் குறைப்பட்டார்கள். வரி ஏய்ப்புக்காகவும், அதற்கு முன் 60களில் ஒரு சிறுமி தொடர்பான வழக்கிலும் சிறைக்குப் போனவர். அதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் ஏமாற்றப்பட்டவன் எண்ணி வாங்குவதில் எனக்குக் குறை தெரியவில்லை. கணக்குப் பிரிவில் இருந்தவன் நான்.

இதில் என்னை அதிகம் பாதித்தவர் ஜானி ஜான்சன். 1952 டிசம்பர் 31 ராத்திரி செயின்ட் லூயிஸ் பக்கம் ஒரு கிளப்பில் வாசிக்க வேண்டியிருந்தது, சாக்சபோன்காரருக்கு உடம்பு சரியில்லை. பியானோ வாசிக்கும் ஜான்சன் மாற்று ஆளாகக் கூப்பிட்டது பெர்ரியை. கூப்பிட்டவர் கூடிய சீக்கிரம் பக்கவாத்தியம் ஆனார். பெர்ரியின் புகழ்பெற்ற பல பாட்டுகளில் கேட்பது அவருடைய பியானோ. இருவரும் பிரிந்த பிறகு, 80களில் செயின்ட் லூயிஸில் அவர் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். ஏறி இறங்கியவர்களில் எத்தனை பேருக்கு அந்த விரல்களைத் தெரிந்திருக்கும்! பெர்ரியின் 60ஆவது பிறந்த நாளுக்காக 1986இல் நடந்த கச்சேரியை நடத்தித் தந்த கிடார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸ், அவரை மறுபடி பியானோ முன் உட்கார வைத்தார். அந்தக் கச்சேரி படமாகவும் வந்தது. 62 வயதுக்கு மேல் தன் பெயரிலேயே தட்டுகள் போட்டார் ஜான்சன். பாட்டுகளில் தனக்கும் பங்கு உண்டு என்று பெர்ரி மேல் வழக்கும் போட்டார். காலம் கடந்துவிட்டது என்று நீதிமன்றம் தள்ளிவிட்டது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஸ்டீயரிங் பிடித்த கைகளை நினைக்கும்போதெல்லாம் அங்கிளின் கைகளும் கூடவே வந்தன.

2005இல் நியூ ஆர்லியன்ஸை கத்ரீனா புயல் வெள்ளத்தில் மூழ்கடித்தபோது, ஃபேட்ஸ் டாமினோவைக் காணோம் என்றார்கள். அவர் பிறந்த வட்டாரமான லோயர் நைன்த் வார்டை விட்டுப் பெரிய வசதி வந்த பிறகும் போகாத மனிதர். வெளியூர்ச் சாப்பாடு பிடிக்காது என்று பின்னாளில் கச்சேரிப் பயணத்தையே விட்டவர். இறந்துவிட்டார் என்று நினைத்து யாரோ அவர் வீட்டுச் சுவரிலேயே அஞ்சலி எழுதிவிட்டுப் போனார்கள். உண்மையில் அவரைக் குடும்பத்தோடு மீட்டிருந்தார்கள். பியானோக்கள் வெள்ளத்தில் பாழாயின, தங்கத் தட்டுகளில் பெரும்பாலானவை போயின. நான் அன்று டிரங்குப் பெட்டியைத் திறந்து வேட்டித் துணியைப் பிரித்துப் பார்த்தேன். அவர் வீட்டில் தட்டுகள் போய்விட்டன, என் வீட்டில் ஒன்று பத்திரமாக இருந்தது. 2007இல், 79 வயதில், அதே ஊரில் மேடையேறி அவர் மறுபடி பியானோ வாசித்தார்.

சக் பெர்ரி 1996லிருந்து செயின்ட் லூயிஸ் பக்கத்து உணவகம் ஒன்றில் மாதம் ஒரு தடவை பாடி வந்தார். 209 தடவை. கடைசிக் கச்சேரி 2014இல், 88 வயது நிறைவதற்குச் சில நாள் முன்பு. அந்த உணவகத்தின் பெயர் 'புளூபெர்ரி ஹில்'. முதலில் படித்தபோது என் தட்டைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்கள் என்று ஒரு நொடி தோன்றிவிட்டது.

அவர் 2017 மார்ச் 18 அன்று 90 வயதில் இறந்தார். கடைசியாகப் பாடிய தொகுப்பு ஜூனில் வெளிவந்தது. அதே வருஷம் அக்டோபரில் டாமினோ, 89. 2020இல் லிட்டில் ரிச்சர்ட், 87. 2022இல் அதே தலைமுறைப் பாடகர் ஜெர்ரி லீ லூயிஸ், அவருக்கும் 87. எனக்கு 60இல் மாலை போட்டார்கள். இப்போதெல்லாம் நாயனம் கிடையாது.

பெர்ரி இறந்த வாரம், எல்லாப் பத்திரிகையிலும் வாயேஜர் விண்கலங்களைப் பற்றி எழுதினார்கள். 1977இல், எல்விஸ் இறந்த நாலாம் நாள், முதலாவது கிளம்பியது. அடுத்த மாதம் மற்றொன்று. இரண்டிலும் தங்க முலாம் பூசிய செப்புத் தட்டு ஒன்று. உலகத்து இசையிலிருந்து 27 துண்டுகள் எடுத்து அதில் பதித்திருக்கிறார்கள். நம் நாட்டு இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்க்கரும் அதில் பாடுகிறார், 'ஜானி பி. குட்'டும் இருக்கிறது. பக்கத்து வீட்டுக் கிளார்க்கும் டிரைவர் அங்கிளும் ஒரே தட்டில் என்று நினைத்துக்கொண்டேன். மேலுறையில் போட்டுக் கேட்கும் முறையைப் படமாக வரைந்திருக்கிறார்களாம். கண்டெடுப்பவர்களிடம் இருக்குமோ இருக்காதோ என்று, தட்டோடு கூடவே ஊசியையும் வைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். மூடியில் நாய் படம் போட்ட தகர டப்பா, நிமிண்டித் திறக்கும்போது உள்ளே ஊசிகள் சலசலக்கும் சத்தத்தோடு, கண் முன்னால் வந்தது.